‘இணைய வசதி உள்ளது’: மாவட்ட நூலக அலுவலருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட நூலக அலுவலர் அவர்களுக்கு,

தங்களுக்கு நான் எழுதும் நான்காவது கடிதம் இது. முதல் மனுவை ஆகஸ்ட் கடைசியில் தங்கள் அலுவலகத்தில் நேரில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டேன். இரண்டாவதைப் பதிவு அஞ்சலில் அனுப்பினேன். ஒப்புகை அட்டை வந்தது, பதில் வரவில்லை. மூன்றாவதைத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் டோக்கன் வாங்கி, வரிசையில் நின்று கொடுத்தேன். அதற்குத்தான் தங்கள் கையொப்பத்தோடு ஒரு பதில் கிடைத்தது. ‘மேற்படி நூலகத்தில் இணைய வசதி உள்ளது. எனவே மனு முடித்து வைக்கப்படுகிறது.’

அந்த இரண்டு வாக்கியங்களை நான் பலமுறை படித்துவிட்டேன். மனுவில் நான் கேட்டது இணையம் அல்ல. பள்ளிப் பிள்ளைகள் அறிவியல் செய்தியைத் தேடிக் கண்டுபிடிக்க, நூலகத்தில் வழி காட்ட ஓர் ஆள் வேண்டும் என்றுதான் கேட்டேன். தனியாகக் கேட்டுப் பயனில்லை என்பதால் இப்போது ஊரறியக் கேட்கிறேன்.

நூலக விதிகள் தங்களுக்குத் தெரியும். அவற்றைத் தங்களுக்கே எழுதிக் காட்டுவது முறையாகாது. எனவே ஒரே ஒரு பிள்ளைக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியன். எங்கள் ஊர்ப் பக்கம் போர்த் தண்ணீர்தான் குடிநீர். பிள்ளைகள் பலருக்கு முன்பற்களில் காவி ஏறியிருக்கும். சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வார்கள். சென்ற ஆண்டு ஜூலையில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: “சார், என் தம்பிக்குப் பால் பல்லு வெள்ளையாத்தான் இருந்துச்சு. அது விழுந்து முளைச்ச பல்லு மட்டும் ஏன் சார் காவியா இருக்கு?”

27 ஆண்டுகள் பாடம் நடத்தியவன் நான். நீரில் ஃபுளோரைடு மிகுந்தால் பல் கறைபடும் என்று தெரியும். ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு நீர் இல்லாத இடத்திலும் 1.5க்கு மேல் கூடாது என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்வதும் தெரியும். பால் பல் எப்படித் தப்பியது என்று மட்டும் தெரியாது. தெரியாது என்று வகுப்பிலேயே சொன்னேன். “மாவட்ட மைய நூலகத்துல தேடிப் பாரும்மா. கண்டுபிடிச்சிட்டு வந்து எனக்கும் சொல்லு” என்றேன். மாணவர் அறிவியல் மாநாட்டுக்கு அதையே அவளுடைய ஆய்வாகப் பதிவு செய்தேன்.

தன் பங்கு வேலையை அவள் குறையில்லாமல் செய்தாள். ஊராட்சியில் இருந்த குடிநீர்ப் பரிசோதனைப் பெட்டியைக் கேட்டு வாங்கி, 12 இடங்களில் தண்ணீர் பிடித்து, சொட்டுகள் விட்டு, நிற அட்டையோடு ஒப்பிட்டு எழுதினாள். அவள் தெருக் குழாயில் ஃபுளோரைடு 3 மில்லிகிராம். ஊர்க் கோடியில் இருக்கும் பழைய கிணற்றில் 1க்கும் குறைவு. இந்த எண்களோடு தங்கள் நூலகத்துக்கு வந்தாள்.

முதல் முறை ஒரு சனிக்கிழமை. 22 கிலோமீட்டர் பேருந்துப் பயணம். துணைக்கு அவள் அம்மா, அன்றைய செங்கல் சூளைக் கூலியை விட்டுவிட்டு வந்தார். மின்நூலக அறை பூட்டியிருந்தது. “சாவி வச்சிருக்கவரு லீவு. அடுத்த வாரம் வா பாப்பா” என்றார்கள்.

இரண்டாம் முறை ஆகஸ்ட் 12. அன்று நூலகர் நாள் என்பது அவளுக்கோ எனக்கோ தோன்றவில்லை. நான்தான் பள்ளியில் அனுமதி கொடுத்து அனுப்பினேன். வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகி, நூலக அறிவியலின் ஐந்து விதிகளை 1931இல் உலகுக்குத் தந்த எஸ்.ஆர்.ரங்கநாதனின் படத்துக்குத் தாங்கள் மாலை போட்டுக்கொண்டிருந்தீர்கள். அந்த ஐந்தில் நான்காவது விதி, வாசகரின் நேரத்தை வீணாக்காதே என்பதைத்தான் சொல்கிறது. பந்தலுக்கு வெளியே நின்ற பிள்ளையிடம் “இன்னைக்கு விழாம்மா, இன்னொரு நாள் வாங்க” என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அம்மாவுக்கு இரண்டாவது நாள் கூலியும் போயிற்று.

மூன்றாம் முறை அறை திறந்திருந்தது. ஆறு கணினிகளில் நான்கு துணி போர்த்திக் கிடந்தன. ஒன்றில் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் இருந்தார். இன்னொன்று இவளுக்கு, அரை மணி நேரம். “ஐயா, பல்லு காவியாகுறதைப் பத்தி ஆராய்ச்சிக் கட்டுரையெல்லாம் எதுல பாக்கணும்?” என்று கேட்டிருக்கிறாள். “கூகுள்ல போட்டுப் பாரும்மா, எல்லாம் வரும்” என்று பதில் வந்தது.

போட்டாள். பற்பசை விளம்பரங்கள் வந்தன. ஒரே வாரத்தில் முத்துப் போன்ற பற்கள் என்று வீடியோக்கள் வந்தன. எலுமிச்சைச் சாற்றில் சமையல் சோடா கலந்து தேய்த்தால் எந்தக் கறையும் போகும் என்று ஒரு பக்கம் சொன்னது. அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். கடைசியாக ஓர் ஆய்வுக் கட்டுரையின் தலைப்பு கண்ணில் பட்டது. திறந்தால் டாலரில் பணம் கேட்டது. “காசு கட்டினாத்தான் வரும்” என்றார்கள். அரை மணி நேரம் முடிந்தது.

அன்று இரவு தம்பியை உட்கார வைத்து எலுமிச்சையும் சோடாவும் தேய்த்திருக்கிறாள். நூலகத்தில் கிடைத்த செய்தி என்பதால் நம்பித் தேய்த்தாள். நான்காம் வகுப்புப் படிக்கும் அந்தப் பையனின் ஈறு புண்ணாகி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து வாங்கினார்கள். ஃபுளோரைடால் வரும் கறை பல்லின் மேலே படிந்த அழுக்கு அல்ல. பல் ஈறுக்குள் உருவாகும்போதே எனாமலில் நேர்ந்த கேடு. தேய்த்துப் போக்க முடியாது. இதை அந்தப் பிள்ளைக்குச் சொல்ல ஒரு பத்தி போதும். அந்தப் பத்தி அவள் உட்கார்ந்திருந்த கணினியிலேயே, காசில்லாமல் இருந்தது.

எங்கே இருந்தது என்பதையும் சொல்கிறேன். அரசுக் கல்லூரியில் படிக்கும் என் பழைய மாணவர் ஒருவர் எனக்குக் காட்டிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் பப்மெட் தரவுத்தளம் 1997 முதல் யார் வேண்டுமானாலும் கட்டணமின்றித் தேடும்படி திறந்திருக்கிறது. அதில் 3.5 கோடிக்கும் மேற்பட்ட மருத்துவ, உயிரியல் கட்டுரைகளின் குறிப்புகள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பொருள் தலைப்பு போட்டு அடுக்கியிருக்கிறார்கள். நூலகத்தில் வகை எண் போட்டுப் புத்தகம் அடுக்குவது போன்ற வேலைதான் அது. ‘டென்டல் ஃபுளோரோசிஸ்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் கொடுத்து, முழுக் கட்டுரையும் இலவசமாகக் கிடைப்பவை மட்டும் போதும் என்று ஓரத்தில் ஒரு கட்டத்தைத் தொட்டால், பணம் கேட்கும் கட்டுரைகள் விலகிக்கொள்கின்றன.

அதே அமெரிக்க நூலகம் திறந்து வைத்திருக்கும் பப்மெட் சென்ட்ரல் என்ற களஞ்சியத்தில் இந்தியன் மெடிக்கல் கெஜட் என்ற பழைய இதழின் தொகுதிகள் இருக்கின்றன. நெல்லூர் மாவட்டத்து மக்களுக்குத் தண்ணீரால் வந்த ஃபுளோரோசிஸ் நோயைப் பற்றி 1937இல் அந்த இதழ் கட்டுரை வெளியிட்டது. அன்று நெல்லூர் சென்னை மாகாணத்தில் இருந்தது. நம் மாகாணத்து ஊர்களின் கிணற்று நீரையும் நம் மக்களின் எலும்பையும் பார்த்து எழுதியது, இத்தனை ஆண்டுகள் கழித்தும் நம் பிள்ளையின் கைக்கு எட்டவில்லை.

மத்திய நிலத்தடி நீர் வாரியம் மாவட்டவாரியாக வெளியிடும் நீர்த்தர அறிக்கைகள் இலவசம். கரக்பூர் ஐஐடி நடத்தும் தேசிய மின்நூலகத்தில் பள்ளிப் பிள்ளையும் உறுப்பினராகலாம், இலவசம். பெரியசாமித் தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து 10 தொகுதிகளாக வந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் இணையத்தில் வைத்திருக்கிறது, அதுவும் இலவசம். இவற்றில் ஒன்றின் பெயராவது அந்த அறைச் சுவரில் எழுதி ஒட்டப்பட்டிருக்கிறதா? நான் போய்ப் பார்த்தேன். செருப்பை வெளியே விடவும், பேசக் கூடாது என்ற இரண்டு அறிவிப்புகள்தான் இருந்தன.

பணம் கேட்ட அந்தக் கட்டுரைக்கு வருகிறேன். ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு மத்திய அரசு மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை 6,300 அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள் படிக்கலாம். என் பழைய மாணவர் தன் கல்லூரியில் உட்கார்ந்து அதே கட்டுரையை என் கண்ணெதிரே திறந்தார். தங்கள் நூலகம் இருக்கும் அதே சாலையில்தான் அந்தக் கல்லூரியும் இருக்கிறது. கல்லூரி மாணவருக்குத் திறக்கிற கதவு, பொது நூலகத்துக்கு வரும் பள்ளிப் பிள்ளைக்குத் திறப்பதில்லை. அந்தத் திட்டத்தை மாற்றுவது உங்கள் கையில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கல்லூரி நூலகருக்கு ஒரு கடிதம் எழுதி, “எங்கள் வாசகருக்கு இந்தக் கட்டுரை தேவை, வழி உண்டா?” என்று கேட்பது உங்கள் கையில் இருந்தது. கேட்டீர்களா?

அன்று அறையில் இருந்த ஊழியர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. தரவுத்தளத்தில் தேடுவது எப்படி என்று அவருக்கு யாரும் ஒருநாள்கூடச் சொல்லித் தரவில்லை. தெரியாததை அவர் எப்படிக் காட்டுவார்? சொல்லித் தர வேண்டிய இடத்தில் இருப்பவர் நீங்கள். மூன்று மனுக்களிலும் நான் எழுதியது இதைத்தான்.

மூன்றாவது மனுவைப் பற்றி விசாரிக்க வந்தபோது உங்கள் அலுவலகத்தில் ஒருவர் என்னிடம் கேட்டார்: “தமிழ் மீடியத்துல படிக்கிற புள்ளைக்கு இங்கிலீஷ் ஆராய்ச்சிக் கட்டுரை எதுக்கு சார்? பாடப் புத்தகம் போதாதா?” நீங்கள் உள்ளே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று வாய்மூடி வந்தேன். இன்று பதில் சொல்கிறேன்.

பின்னர் ஒரு கட்டுரையின் சுருக்கத்தை அச்செடுத்து, மதிய உணவு இடைவேளையில் நானும் அவளும் அகராதியோடு உட்கார்ந்தோம். ஒரு பத்தி. நாற்பது நிமிடம் ஆயிற்று. பால் பற்களின் எனாமல் பெரும்பாலும் குழந்தை தாய் வயிற்றில் இருக்கும்போதும் கைக்குழந்தையாக இருக்கும்போதும் உருவாகிவிடுகிறது. அப்போது குழந்தைக்குச் சேரும் ஃபுளோரைடு குறைவு. தாய்ப்பாலிலும் அது மிகக் குறைவு. நிரந்தரப் பற்கள் அதற்குப் பிறகு, குழந்தை ஊர்த் தண்ணீரைக் குடித்து வளரும் ஆண்டுகளில் ஈறுக்குள் உருவாகின்றன. தம்பியின் பால் பல் தப்பியதற்கும் முளைத்த பல் காவியானதற்கும் காரணம் அதுதான். படித்து முடித்ததும் அவள் சொன்னாள்: “அப்ப நான் பார்த்தது சரிதான் சார்.” தமிழில் படிக்கும் பிள்ளைக்கு ஆராய்ச்சிக் கட்டுரை எதற்கு என்றால், இதற்குத்தான். தன் வீட்டில் தன் கண்ணால் கண்டது உண்மை என்று தெரிந்துகொள்வதற்கு. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அந்த உரிமை உண்டு, செங்கல் சூளைத் தொழிலாளி மகளுக்குப் பாடப் புத்தகம் போதும் என்றால், அவர்கள் வீட்டு வரி ரசீதில் நூலக வரி என்று ஒரு தொகையை ஏன் பிடிக்கிறீர்கள்?

அந்த நாற்பது நிமிடம் மாநாட்டுக்குப் பிறகு வந்தது. மாநாட்டில் 12 இடங்களின் அளவையும் வரிசையாகச் சொன்னாள். நடுவர் பாராட்டிவிட்டு, “இதற்கு முன் யார் ஆராய்ந்திருக்கிறார்கள்? எதைப் படித்தாய்?” என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். அவளுடைய ஆய்வேட்டில் மேற்கோள் நூல்கள் என்று தலைப்பிட்ட பக்கம் வெறுமையாக இருந்தது. “லைப்ரரிக்கு மூணு தடவ போனேன் சார்” என்றாள். அதற்குமேல் அவளிடம் பதில் இல்லை. அந்தப் பக்கத்தை வெறுமையாக விட்டது நீங்கள்.

வாரத்தில் ஒருநாள், சனிக்கிழமை ஒரு மணி நேரம், தேடத் தெரிந்த ஒருவர் அந்த அறையில் பிள்ளைகளோடு உட்காரட்டும். இலவசத் தரவுத்தளங்களின் பெயர்களைத் தமிழில் எழுதி ஒரு தாளைச் சுவரில் ஒட்டுங்கள். ஊழியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுங்கள். ஆள் இல்லை என்றால் நான் வருகிறேன், ஊதியம் வேண்டாம். இதையும் மனுவில் எழுதியிருந்தேன். நீங்கள் படித்திருந்தால் ‘இணைய வசதி உள்ளது’ என்று எழுதியிருக்க மாட்டீர்கள். சாலை இருக்கிறது என்பதற்காக, வழி கேட்டு நிற்கும் பிள்ளையை ஊர் போய்ச் சேர்ந்தவளாகக் கணக்கெழுத முடியாது. வழி சொல்வதற்குத்தான் நூலகர் என்று ஒருவரை நாடு சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறது.

உங்களுக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களில் ஒருவர் இப்படி ஒரு கேள்வியோடு வந்து நின்றால், அடுத்த வாரம் வா என்று அனுப்பி வைப்பீர்களா?

கடைசியாக ஒன்று. அந்த மாணவிக்குத் தம்பி மட்டுமல்ல, ஒரு தங்கையும் உண்டு. அவளுக்கு மூன்று வயது. பால் பல் வெள்ளையாக இருக்கிறது. நிரந்தரப் பற்கள் இப்போது ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கின்றன. ஏறத்தாழ எட்டு வயது வரை அது நடக்கும். கட்டுரையைப் படித்த மறுநாளிலிருந்து அந்த வீட்டில் தங்கைக்குத் தெருக் குழாய்த் தண்ணீர் கொடுப்பதில்லை. அக்காள் தினமும் காலையில் ஊர்க் கோடிக் கிணற்றுக்குப் போய் ஒரு குடம் கொண்டு வருகிறாள்.

அந்தத் தெருவில் அதே வயதில் இன்னும் ஒன்பது குழந்தைகள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓர் அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியன்