குரங்குத் தோள் விஸ்கியும் ஒரு வார்த்தைச் சண்டையும்!

பாட்டிலின் கழுத்துக்குக் கீழே, தோள்பட்டையில் மூன்று குரங்குகள். பெயர் 'மங்கி ஷோல்டர்'. அதாவது குரங்குத் தோள்! ஸ்காட்லாந்து சரக்குக்கு இப்படியும் ஒரு பெயரா என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் லேபிளில் இருக்கும் 'பிளெண்டட் மால்ட்' என்ற இரண்டு வார்த்தைகள் சும்மா வந்தவை அல்ல. அதற்கு முன்னால் ஒரு பெரிய கம்பெனி மூக்குடைபட்டது. பின்னால் சட்டமே வந்தது.

தோள் சரிந்த தொழிலாளிகள்

முதலில் பெயர். விஸ்கிக்கு பார்லியை நனைத்துத் தரையில் பரப்பி முளை கட்ட விடுவார்கள். அப்படியே விட்டால் சூடேறி வேர்கள் பின்னிக்கொள்ளும். ஆகவே ராத்திரி பகல் பாராமல் ஆட்கள் மரத் துடுப்பால் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வருஷக்கணக்கில் இந்த வேலை செய்தவர்களுக்கு ஒரு தோள் சரிந்து, கை குரங்குக்குத் தொங்குவதுபோல் தொங்கிவிடுமாம். அந்த நோவுக்குத்தான் குரங்குத் தோள் என்று பெயர். இன்று பெரும்பாலான ஆலைகளில் மெஷின் முளை கட்டிய பார்லிதான். பால்வெனி போன்ற சில ஆலைகளில் மட்டும் ஒரு பகுதியை இன்னும் தரையில் புரட்டுகிறார்கள்.

சிக்கரி கணக்கு

'பிளெண்டட்' என்றால் கலப்படம் என்று நினைத்துப் பலர் முகம் சுளிப்பது உண்டு. விஷயம் அப்படி இல்லை. காபிக் கடைக்குப் போகிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஒரே தோட்டத்துக் கொட்டையை மட்டும் அரைத்தால் அது சிங்கிள் மால்ட் மாதிரி: ஒரே ஆலை, முளை கட்டிய பார்லி மட்டும். நாலு தோட்டத்துக் கொட்டையைக் கலந்து அரைத்தால் பிளெண்டட் மால்ட். அதுவும் முழுக் காபிதான். சிக்கரி சேர்ந்தால்? அதுதான் வெறும் 'பிளெண்டட்' ஸ்காட்ச். அங்கே சிக்கரியின் இடத்தில் இருப்பது கோதுமை, மக்காச்சோளம் ஆகியவற்றிலிருந்து வடிக்கும் கிரெயின் விஸ்கி. அதுவும் விஸ்கிதான், அந்நியப் பொருள் அல்ல. ஆனால் தயாரிக்கச் செலவு குறைவு, ருசியும் லேசு.

ஆக, 'மால்ட்' என்ற ஒரு வார்த்தை இருக்கிறதா இல்லையா என்பதில்தான் காசு இருக்கிறது.

2003-ல் வெடித்த தகராறு

ஸ்பெயின் நாட்டில் 'கார்டூ' என்ற சிங்கிள் மால்ட்டுக்கு ஏக கிராக்கி. ஒரு ஆலையின் உற்பத்தி போதவில்லை. அதை நடத்திய டியாஜியோ கம்பெனி 2003-ல் ஒரு வேலை செய்தது. வேறு ஆலைகளின் மால்ட்டையும் சேர்த்து அதே பெயரில், கிட்டத்தட்ட அதே பாட்டிலில் விற்றது. லேபிளில் 'சிங்கிள்' போய், 'ப்யூர்' வந்தது. ப்யூர் என்றால் சுத்தம். சுத்தம் என்று எழுதிய பிறகு வாங்குகிறவன் எதைச் சந்தேகப்படுவான்?

போட்டிக் கம்பெனிகள் சும்மா இருக்குமா? கிளென்ஃபிடிக், பால்வெனி ஆலைகளை வைத்திருக்கும் வில்லியம் கிராண்ட் குடும்பக் கம்பெனி முன்னால் நின்று கூச்சல் போட்டது. 2004-ல் டியாஜியோ அந்தச் சரக்கை வாபஸ் வாங்கியது. 2009-ல் புதிய ஸ்காட்ச் விஸ்கி சட்டவிதிகள் வந்தன. 'ப்யூர் மால்ட்', 'வாட்டட் மால்ட்' என்று எழுதத் தடை. 'பிளெண்டட் மால்ட்' என்றுதான் போட வேண்டும்.

கிராண்ட் கம்பெனிக்கு இதில் தர்ம சிந்தனை மட்டும்தான் என்று யாரும் ஏமாற வேண்டாம். சிங்கிள் மால்ட் என்ற பெயர் கெட்டால் முதல் நஷ்டம் அவர்களுக்குத்தான். வேடிக்கை என்னவென்றால், அதே கம்பெனிதான் 2005-ல் கிளென்ஃபிடிக், பால்வெனி, கினின்வி மூன்றையும் கலந்து மங்கி ஷோல்டரைக் கொண்டுவந்தது! ஆனால் பழைய பெயரில் புதுச் சரக்கை ஊற்றவில்லை. புதுச் சரக்குக்குப் புதுப் பெயர். வித்தியாசம் அங்கேதான்.

இன்னொரு தமாஷ். பால்வெனி சரக்கை வெளி வியாபாரிகளுக்கு விற்கும்போது அதில் கொஞ்சூண்டு வேறு மால்ட் சேர்த்துவிடுவார்கள். 'டீஸ்பூன்' போடுவது என்று தொழிலில் பேச்சு. அந்தச் சொட்டு விழுந்ததும் பீப்பாய் முழுவதும் பிளெண்டட் மால்ட்! வாங்கியவர் பால்வெனி என்று பெயர் போட்டு விற்க முடியாது.

ஏன் மலிவு?

பிரிட்டனில் இதன் விலை சுமார் 30 பவுண்டு. மலிவு என்பது அந்த ஊர்க் கணக்கில்! லேபிளில் வயது போடுவதில்லை. ஸ்காட்ச் என்றால் குறைந்தது மூன்று வருஷம் ஓக் பீப்பாயில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பன்னிரண்டு வருஷம் பூட்டி வைத்துக் காத்திருக்கும் வட்டி இதில் கிடையாது.

பதினெட்டு வருஷச் சரக்கில் எலுமிச்சையைப் பிழிவது பட்டுப்புடவையில் தரை துடைப்பது போல. இதில் அந்தப் பயம் இல்லை. அமெரிக்க போர்பன் இருந்த பீப்பாயில் ஊறுவதால் வெனிலா வாசனையும் இனிப்பும் உண்டு. லேசான பிளெண்டட் ஸ்காட்ச் ஐஸ், சர்க்கரை, எலுமிச்சைக்கு நடுவே காணாமல் போய்விடும். முழு மால்ட் தாக்குப்பிடிக்கிறது. பார்க்காரர்கள் கையில் எடுத்த காரணம் இதுதான்.

அதே 2005-ல் நியூயார்க் 'மில்க் அண்ட் ஹனி' பாரில் சாம் ராஸ் என்பவர் ஸ்காட்ச், இஞ்சி, தேன், எலுமிச்சை சேர்த்து ஒரு காக்டெயில் கலந்தார். பெயர் 'பெனிசிலின்'. ஸ்காட்சை எடுத்துவிட்டால் நம் பாட்டிமார் சளிக்குக் கொடுக்கும் கஷாயம்!

இங்கே என்ன ஆகும்?

பாட்டிலில் வரும் ஸ்காட்சுக்கு இந்தியா நெடுங்காலம் 150 சதவீத இறக்குமதி வரி போட்டது. 2025 ஜூலை 24-ல் கையெழுத்தான இந்தியா-பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தப்படி, அது அமலாகும்போது வரி 75 ஆகி, பத்தாம் வருஷத்தில் 40-க்கு இறங்க வேண்டும். சிங்கிள், பிளெண்டட் எல்லாவற்றுக்கும் ஒரே சதவீதம். அதற்கு மேல் மாநில அரசுகள் போடும் வரி தனி. அதைக் குறைப்பதாக ஒப்பந்தத்தில் ஒரு வரியும் கிடையாது.