மேய்ச்சல் வழியை மறிக்காதீர்கள்

2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மங்கோலியாவின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் பனிக்கு அடியில் கிடந்தது. பனி உருகி வசந்தம் வந்தபோது 70 லட்சத்துக்கும் அதிகமான ஆடு, மாடு, குதிரைகள் செத்திருந்தன. அந்த நாட்டின் மக்கள்தொகையே சுமார் 35 லட்சம்தான். மந்தையோடு சேர்ந்து அந்தக் குடும்பங்கள் குடிக்கும் பாலும், தின்னும் இறைச்சியும், கூடாரத்தைப் போர்த்தும் கம்பளியும், அடுப்பெரிக்கும் காய்ந்த சாணமும், பிள்ளைகளின் படிப்புச் செலவும் ஒரே குளிர்காலத்தில் போய்விட்டன.

மங்கோலியர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘ட்சுட்’. அதில் பல வகை உண்டு. புல் எட்டாத ஆழத்துக்குப் பனி கொட்டினால் அது வெள்ளை ட்சுட். பனி சற்று உருகி மறுபடி உறைந்து, நிலத்தின் மேல் பாளமாக இறுகிவிட்டால் இரும்பு ட்சுட். பனியே விழாமல் போனாலும் சாவுதான். அங்கே குளிர்காலத்தில் கால்நடைகளுக்குத் தாகம் தீர்ப்பது பனி என்பதால் அதைக் கறுப்பு ட்சுட் என்கிறார்கள். குளிரைக் கொலைகாரன் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் சாவு கோடையிலேயே தொடங்கிவிடுகிறது. ஆண்டு மழையில் பெரும்பகுதி ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பெய்ய வேண்டும். ஸ்டெப்பிப் புல்வெளியில் ஆண்டு முழுவதற்கும் பெய்வதே 200, 300 மில்லிமீட்டர்தான். அதுவும் பொய்த்தால் ஆடு கொழுப்புச் சேர்க்காமலே குளிருக்குள் நுழைகிறது. மைனஸ் 40 டிகிரியில் கொழுப்பில்லாத உடம்பு எத்தனை நாள் தாங்கும்?

1999 முதல் 2002 வரை அடுத்தடுத்த மூன்று குளிர்காலங்களில் சுமார் 1.1 கோடி கால்நடைகள் செத்தன. 2009–10இல் ஒரே குளிர்காலத்தில் ஏறத்தாழ 1 கோடி. ஒவ்வொரு முறையும் சடலங்களைப் புதைத்து முடித்ததும் ஒரே தீர்ப்புதான் எழுதப்படுகிறது: மந்தைகள் பெருத்துவிட்டன, மேய்ப்பர்கள் புல்வெளியை அழிக்கிறார்கள், அவர்களை ஓரிடத்தில் குடியமர்த்த வேண்டும், நிலத்தைப் பங்கிட்டு வேலி போட வேண்டும். இந்தத் தீர்ப்பு தவறானது என்று நாம் கருதுகிறோம். 2026ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான ஆண்டாக அறிவித்திருக்கிறது. அந்தத் தீர்மானத்தை முன்மொழிந்த நாடே மங்கோலியாதான். ஐ.நா.வின் பாலைவனமாதல் தடுப்பு உடன்படிக்கையின் 17ஆவது மாநாடும் இந்த ஆண்டு ஆகஸ்டில் அதன் தலைநகர் உலான்பாத்தரில் கூடுகிறது. தீர்ப்பைத் திருத்தி எழுத இதைவிடப் பொருத்தமான நேரம் வாய்க்காது.

மந்தைகள் பெருத்தது உண்மைதான், அதை மறைக்க வேண்டியதில்லை. 1990இல் மங்கோலியாவில் சுமார் 2.6 கோடி கால்நடைகள் இருந்தன, 2022இல் 7.1 கோடி. வெள்ளாடுகள் மட்டும் 50 லட்சத்திலிருந்து 2.7 கோடியாயின. ஆனால் ஏன் பெருத்தன என்று கேட்காமல் எண்ணிக்கையை மட்டும் காட்டுவது நியாயமாகாது.

1950களின் கடைசியில் மங்கோலிய அரசு மந்தைகளை ‘நெக்தெல்’ என்ற கூட்டுப் பண்ணைகளுக்குள் கொண்டுவந்தது. அந்த ஏற்பாட்டைப் புகழ்ந்து பாட நாம் வரவில்லை. அது வற்புறுத்தலில் பிறந்தது. ஆனால் இடம் மாற லாரி கொடுத்தது, கிணறுகளைப் பராமரித்தது, கால்நடை மருத்துவரை அனுப்பியது, ட்சுட் காலத்துக்கென்று தீவனம் சேர்த்து வைத்தது. 1990களின் தொடக்கத்தில் சோவியத் உதவி நின்றதும் இவ்வளவும் கலைந்தது. ஆலைகள் மூடப்பட்டன. வேலையிழந்த நகரவாசிகள் பங்காகக் கிடைத்த ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஸ்டெப்பிக்குப் போனார்கள். பத்தே ஆண்டுகளில் மேய்ப்பர்களின் எண்ணிக்கை இரு மடங்கைத் தாண்டியது. பழுதான கிணறுகளைச் சரிசெய்ய ஆளில்லாததால், தண்ணீர் வரும் சில கிணறுகளைச் சுற்றி எல்லா மந்தைகளும் நெருக்கின. பிள்ளைகளின் பள்ளிக்காகத் தாய் சிறு ஊரில் தங்க, தகப்பன் தனியாகக் கூடாரத்தில் இருக்கும் குடும்பங்கள் பெருகின. தனி ஆளால் நெடுந்தூரம் இடம்பெயர முடியாது. ஊரை ஒட்டிய புல்லே திரும்பத் திரும்பக் கடிபட்டது.

காசு கொடுக்கும் பொருளாக எஞ்சியது ஒன்றுதான், வெள்ளாட்டின் அடிமயிரான கஷ்மீர். உலகச் சந்தையின் கஷ்மீரில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு மங்கோலியாவிலிருந்து போகிறது. வசந்தத்தில் ஒவ்வோர் ஆட்டையும் படுக்கவைத்து, இரும்புச் சீப்பால் வாரினால் கிடைப்பது சில நூறு கிராம். அதில் பெரும்பகுதி கச்சாப் பொருளாகவே எல்லை தாண்டிச் சீனாவுக்குப் போய்விடுகிறது. விலை விழும் ஆண்டில் மேய்ப்பர் என்ன செய்வார்? அதே வருமானத்துக்கு இன்னும் இருபது ஆடுகளைக் கூடுதலாக வளர்ப்பார். வங்கிக் கடனைக் கஷ்மீர்ப் பணத்தில் அடைக்க வேண்டியவருக்கு வேறு வழி இல்லை. வெள்ளாடு புல்லை அடியோடு கடிக்கிறது என்று ஆட்டின் மேல் பழி போடுவது எளிது. எடைக்கு விலை வைத்து ஆட்டைப் பெருக்கச் சொன்ன சந்தையும், பாதுகாப்பையெல்லாம் விலக்கிக்கொண்ட அரசும் இந்தப் பழியில் பங்கு ஏற்க வேண்டும்.

வானிலையும் சேர்ந்துகொண்டது. 1940க்குப் பிறகு மங்கோலியாவின் சராசரி வெப்பநிலை 2 டிகிரிக்கு மேல் உயர்ந்திருக்கிறது. உலகச் சராசரியைவிட இது மிக அதிகம். அந்த வெப்பத்துக்குக் காரணமான புகையில் மங்கோலிய மேய்ப்பரின் பங்கு எவ்வளவு என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இனி வேலிக்கு வருவோம். குறுக்கே மலையோ மரமோ இல்லாத அந்த வெளியைப் பார்ப்பவருக்கு எல்லா இடமும் ஒன்றுபோலத் தோன்றும். மேய்ப்பருக்கு அப்படி இல்லை. மழை அங்கே திட்டுத் திட்டாகத்தான் பெய்கிறது. இந்தச் சரிவில் பெய்த மழை இருபது கிலோமீட்டர் தள்ளிப் பெய்திருக்காது. இந்த ஆண்டு புல் நிற்கும் இடம் அடுத்த ஆண்டு கட்டாந்தரையாக இருக்கலாம். அதனால்தான் பருவத்துக்கு ஓரிடம் என்று கூடாரத்தைப் பிரித்துக் கட்டுகிறார்கள். புல் பொய்த்த ஆண்டில் மந்தையின் ஒரு பகுதியை ஓட்டிக்கொண்டு, மாகாண எல்லை கடந்தும் நெடுந்தூரம் போகிறார்கள். அதற்கு ‘ஒதோர்’ என்று பெயர். குதிரை, மாடு, ஒட்டகம், செம்மறி, வெள்ளாடு என ஐந்தையும் சேர்த்து வளர்ப்பதிலும் இதே அறிவு இருக்கிறது. குதிரை குளம்பால் பனியைக் கிளறிப் புல்லை வெளியே கொண்டுவரும். அது விட்டுப்போன இடத்தில் ஆடுகள் மேயும். நாக்கால் சுழற்றிப் புல் தின்னும் மாட்டுக்குக் கிளறத் தெரியாது. ட்சுட்டில் முதலில் சாய்வது பெரும்பாலும் மாடுதான். இந்த வாழ்க்கையில் ஒருவருக்கு நூறு ஏக்கர் அளந்து பட்டா கொடுத்தால், மழை பக்கத்து நூறு ஏக்கரில் பெய்த ஆண்டில் அந்தப் பட்டாவை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

இதற்கு ஆதாரம் எல்லைக்கு அப்பாலேயே இருக்கிறது. சீனாவின் உள் மங்கோலியாவில் 1980களிலிருந்து மேய்ச்சல் நிலம் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டு, கம்பி வேலிகள் முளைத்தன. எல்லையின் இரு பக்கமும் புல் ஒன்று, மேய்ப்பர்களின் மொழி ஒன்று, காற்று ஒன்று. 1998இல் மானுடவியலாளர் டேவிட் ஸ்னீத் செயற்கைக்கோள் படங்களை வைத்து ஒப்பிட்டபோது, நடமாட்டம் முடக்கப்பட்ட உள் மங்கோலியாவிலும் ரஷ்யாவின் புரியாத்தியாவிலும்தான் புல்வெளி கூடுதலாகச் சிதைந்திருந்தது. இடம்பெயர்வு எஞ்சியிருந்த மங்கோலியா தப்பித்திருந்தது. குடியமர்த்தலின் இன்னொரு முகத்தைக் கசகஸ்தான் பார்த்திருக்கிறது. 1930 முதல் 1933 வரை ஸ்டாலின் அரசு நாடோடி மேய்ப்பர்களைப் பலவந்தமாகக் கூட்டுப் பண்ணைகளில் நிறுத்தியது. மந்தைகளில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்தது. சுமார் 15 லட்சம் பேர் பட்டினியில் செத்தார்கள். அந்த மண்ணையே 1954இல் சோவியத் தலைவர் குருஷ்சேவ் ‘கன்னி நிலம்’ என்று சொல்லி டிராக்டர்களை அனுப்பி உழுதார். சில ஆண்டுகள் கோதுமை கொட்டியது, பிறகு மேல்மண் காற்றோடு பறந்தது. அமெரிக்கப் பெருஞ்சமவெளி 1930களில் கற்ற இதே பாடம் அதற்குள் மறந்துபோயிருந்தது. ஸ்டெப்பிப் புல்லின் பெரும்பகுதி மண்ணுக்குக் கீழேதான் இருக்கிறது. மண்ணை இறுக்கிப் பிடித்திருக்கும் அந்த வேர்ப்பின்னலைக் கலப்பை அறுத்துவிட்டால் ஒரு தலைமுறையில் அது திரும்பி வராது.

வேறு வகை வேலிகளும் இருக்கின்றன. 1950களில் முடிந்த டிரான்ஸ் மங்கோலிய ரயில் பாதையின் இரு பக்கமும் கம்பி வேலி ஓடுகிறது, கால்நடைகள் தண்டவாளத்தில் ஏறிவிடக் கூடாது என்பதற்காக. உலகில் எஞ்சியிருக்கும் மிகப் பெரிய மிதவெப்பப் புல்வெளிகளுள் ஒன்று கிழக்கு மங்கோலியாவில் இருக்கிறது. அங்கே பத்து லட்சத்துக்கும் அதிகமான கசெல் மான்கள் புல்லைத் தேடி அலைகின்றன. அவற்றுக்கு நிலையான பாதை கிடையாது; மேய்ப்பரைப் போலவே அவையும் மழையைத் தொடர்கின்றன. ட்சுட் ஆண்டுகளில் அந்தக் கம்பியில் சிக்கி இறந்த மான்கள் ஏராளம். ஹுலான் என்னும் காட்டுக் கழுதை ரயில் பாதைக்குக் கிழக்கே அறுபது ஆண்டுகளுக்கும் மேல் கால் வைக்கவே இல்லை. வனவிலங்குப் பாதுகாப்பு அமைப்பினரும் ரயில்வேயும் பேசி, சோதனையாக வேலியில் சில இடங்களைத் திறந்துவிட்ட பிறகு, 2020இல் ஹுலான்கள் அந்த இடைவெளி வழியாகக் கடந்தது பதிவானது. பெரிய செலவில்லை, புதிய தொழில்நுட்பமில்லை, கம்பியை எடுத்தார்கள், அவ்வளவே. 1969க்குப் பிறகு காட்டில் காணாமல் போய், விலங்குக் காட்சியகங்களில் மட்டும் எஞ்சியிருந்த தாகிக் குதிரைகளை 1992இலிருந்து ஹுஸ்தாய் போன்ற இடங்களுக்குத் திருப்பிக் கொண்டுவந்து வாழவைத்த நாடு இது. செய்ய முடியும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. ஆனால் கோபிப் பாலைவனத்தில் நிலக்கரிக்கும் செம்புக்கும் சாலைகளும் புதிய ரயில் பாதைகளும் போடப்பட்டுவருகின்றன. ஏற்றுமதி வருமானத்தில் பெரும்பகுதி சுரங்கத்திலிருந்து வரும் நாட்டில், கழுதைக்கும் ஒட்டகத்துக்கும் வழிவிடச் சொல்லும் குரல் எளிதில் அமுங்கிவிடும்.

மந்தை இழந்தவர்கள் போகும் இடம் உலான்பாத்தர். நாட்டு மக்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் இப்போது அங்கே இருக்கிறார்கள். நகரைச் சுற்றிய மேடுகளில் அதே கம்பளிக் கூடாரங்கள், ஆனால் சாக்கடை இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை, குளிருக்கு நிலக்கரி அடுப்பு. அந்தப் புகையில் குழந்தைகள் மூச்சுத் திணறுகின்றன. 2017இலிருந்து நகர நிர்வாகம் புதிதாக வருவோரைப் பதிவு செய்வதையே சில ஆண்டுகள் நிறுத்திவைத்தது. மேய்ப்பரைக் குடியமர்த்தினால் முன்னேறிவிடுவார் என்பவர்கள் அந்த மேடுகளில் ஒரு ஜனவரி மாதம் தங்கிப் பார்க்கட்டும்.

உலான்பாத்தர் மாநாட்டிடம் நாம் எதிர்பார்ப்பது பொத்தாம்பொதுவான பிரகடனத்தை அல்ல. மேய்ச்சல் நிலத்தைத் தனியுடைமையாக்க மங்கோலியாவின் 1992 அரசியல் சாசனம் இடம் தரவில்லை. அந்தக் கதவைத் திறக்க முயலும் எந்த ‘சீர்திருத்த’த்துக்கும் உலக நிதி நிறுவனங்கள் பணம் தரக் கூடாது. ஒதோர் போகும் வழிகளும், அவசர காலத்துக்கு ஒதுக்கி வைக்கப்படும் புல்வெளிகளும் மாகாண அதிகாரிகளின் தயவில் இல்லாமல் சட்டத்தின் பாதுகாப்பில் வர வேண்டும். பழுதான கிணறுகளுக்கும் தீவனக் கையிருப்புக்கும் நிதி முதலில் போக வேண்டும். மந்தையைக் குறைக்கச் சொல்வதாக இருந்தால், அதைக் கஷ்மீர் வாங்கும் பெரிய நிறுவனங்களிடமிருந்து தொடங்கலாம். எடைக்குப் பதில் இழையின் தரத்துக்கு, குறைந்த ஆடுகளை வைத்திருப்பவருக்குக் கட்டுபடியாகும் விலையை அவர்கள் கொடுத்தால் மேய்ப்பர் தானே குறைத்துக்கொள்வார். புதிய ரயில் பாதைக்கும் சாலைக்கும் அனுமதி தரும் காகிதத்திலேயே விலங்குகளும் மந்தைகளும் கடக்கும் இடங்கள் குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

இந்தியப் பிரதிநிதிகளும் அந்த அரங்கில் உட்கார்ந்திருப்பார்கள். தரிசு நில வரைபடத் தொகுப்பு என்ற பெயரில் புல்வெளிகளையும் சேர்த்துப் பயனற்ற நிலமாகக் கணக்கெழுதும் பழக்கம் நம்முடையது. நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலையைச் சூழ்ந்திருந்த புல்வெளிகளில் வாட்டிலும் தைலமரமும் நட்டு, தோடர்களின் எருமைகள் மேய்ந்த வெளியைச் சுருக்கியதும் நாம்தான். அறுவடை முடிந்த வயல்களைத் தேடி ராமநாதபுரத்துக் கீதாரிகள் மந்தையை ஓட்டிக்கொண்டு போய்க் கிடை போடும் வழிகளில் இன்று எத்தனை மேய்ச்சல் புறம்போக்குகள் மிச்சமிருக்கின்றன? மங்கோலியாவுக்கு யோசனை சொல்வதற்கு முன், புல்வெளியைத் தரிசுக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டோம் என்று அங்கே போய்ச் சொல்லும் கடமை நமக்கு இருக்கிறது. அந்த அறிவிப்பை மத்திய அரசு மாநாட்டுக்கு முன்பே வெளியிட வேண்டும்.

ஆகஸ்டில் பிரதிநிதிகள் விமானத்தில் வந்து இறங்கும்போது, ஸ்டெப்பியில் மேய்ப்பர்கள் குளிர்காலத்துக்குப் புல் அறுத்து உலர்த்திக்கொண்டிருப்பார்கள். கூடாரத்தைப் பிரித்து எந்தப் பக்கம் கிளம்புவது என்று அப்போதே அவர்கள் தீர்மானித்தாக வேண்டும். செப்டம்பர் கடைசியில் முதல் பனி விழத் தொடங்கிவிடும்.