மூன்று கட்சிகளும் ஒரு கேள்வியும்

எங்கள் கல்லூரி ஆசிரியர் அறையிலே ஒரு வழக்கு நெடுநாளாக நடந்து வருகின்றது. வழக்கிற்கு வாதி, பிரதிவாதி என இரண்டு கட்சிகள் இருத்தல் உலக இயல்பு. இவ்வழக்கிற்கோ மூன்று கட்சிகள். நன்னூற் சூத்திரம் ஒன்றிற்கு இருவர் இருவேறு பொருள் கூறினாலும் பாடவேளை தொடங்குமுன் அடங்கிவிடும் அவ்வறை, இவ்வழக்கிலே மாத்திரம் மணி அடித்த பின்னரும் அடங்குவதில்லை. வழக்கு யாதெனின், கணினியை நடத்தும் முறைமைகளுள் எது சிறந்தது என்பதே. விண்டோஸ் என்பார் ஒருவர். மக் என்பார் மற்றொருவர். லினக்ஸ் என்பார் வேறொருவர்.

"பண்டிதர் ஐயாவுக்கு இதிலே ஒரு பக்கமும் இல்லை, அவரே தீர்ப்புச் சொல்லட்டும்" என்று ஒருநாள் என்னை நடுவராக்கினர். கணினி நுட்பம் அறியாதவன் நடுநிலை தவறான் என்பது அவர்கள் கருத்துப்போலும். உண்மை அதுவன்று. எனக்கும் ஒரு பக்கம் உண்டு. அஃது எவ்வாறு உண்டாயிற்று என்பதைக் கூறவே இக்கட்டுரை எழுதுகின்றேன்.

முதலிலே பெயரைப் பார்ப்போம். நம் நாட்டுப் பாடநூல்கள் இதனைப் 'பணிசெயல் முறைமை' என்று வழங்கும். தமிழகத்தார் 'இயங்குதளம்' என்பர். முன்னையது செய்யும் தொழில் பற்றி வந்த பெயர். பின்னையது ஏனைய மென்பொருள்களைத் தாங்கி நிற்றல் பற்றி வந்த பெயர். இரண்டும் பொருந்தும். அதன் தொழிலை விளங்கிக்கொள்ளுதற்கு ஒரு பாடசாலையை நினைத்தால் போதும். அறைகள் ஆறு, வகுப்புகள் ஒன்பது, கரும்பலகைகள் ஐந்து. யார் எந்த நேரத்தில் எந்த அறையில் இருப்பது என்று நேரசூசி வகுப்பவர் ஒருவர் வேண்டும். கணினியிலும் அப்படியே. நினைவகத்திலே எந்தச் செயலிக்கு எவ்வளவு இடம், எந்தக் கோப்பு எந்த மூலையிலே வைக்கப்படும், விசைப்பலகையில் அழுத்திய எழுத்து யாரிடம் போய்ச்சேரும் என்பவற்றையெல்லாம் ஒழுங்கு செய்வது பணிசெயல் முறைமை. நல்ல அதிபர் உள்ள பாடசாலையிலே அதிபர் இருப்பதே தெரியாது. நல்ல முறைமையும் அத்தகையதே.

இனி, கட்சிக்காரர்களைக் கேட்போம்.

விண்டோஸ் கட்சியின் தலைவர் எங்கள் அலுவலக இலிகிதர். மைக்ரோசொப்ட் நிறுவனம் 1985இல் வெளியிட்ட அம்முறைமை, 1995இல் வந்த பதிப்பினாலே உலகெங்கும் பரவியது. நம்மிற் பலர் முதலிற் கண்ட கணினித்திரை அதுவே. இலிகிதரின் வாதம் மிகச் சுருக்கமானது: "ஐயா, பொத்தான் இருந்த இடத்திலேயே இருந்தால் எனக்குக் காணும்." இதனைச் சோம்பல் என்று இளையவர்கள் நகைப்பர். யான் நகைக்கமாட்டேன். பழக்கம் என்பது பல ஆண்டு உழைப்பினாலே சேர்த்த முதல். 2012இல் வந்த விண்டோஸ் 8 பதிப்பிலே, திரையின் இடப்பக்க மூலையில் இருந்த தொடக்கப் பொத்தானை அந்நிறுவனம் நீக்கிற்று. உலகின் பல பாகங்களிலிருந்தும் முறைப்பாடு எழுந்தது. அடுத்த ஆண்டே பொத்தான் திரும்பி வந்தது. எங்கள் இலிகிதரைப் போன்றவர்கள் எல்லா நாட்டிலும் உளர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

மக் கட்சிக்கு ஆங்கில ஆசிரியர் ஒருவரே. அவருடைய தம்பியார் கனடாவிலிருந்து அனுப்பியது அக்கணினி. கட்டளைகளை எழுத்தெழுத்தாகத் தட்டச்சுச் செய்வதே பெருவழக்காயிருந்த காலத்திலே, படங்களையும் சுட்டியையும் கொண்டு வேலை செய்யும் கணினியை 1984இல் அப்பிள் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. பொறியையும் முறைமையையும் ஒரே நிறுவனம் செய்வதால் இரண்டிற்கும் பிணக்குக் குறைவு. "திறந்தால் வேலை செய்கிறது, மூடினால் உறங்குகிறது" என்பார் நண்பர். கேட்க இனிமையாகவே இருக்கின்றது. ஆனால் அம்முறைமையை அப்பிள் அல்லாத பிற கணினிகளில் நிறுவ அதன் உரிமம் இடங்கொடாது. பொறியையும் சேர்த்தே வாங்குதல் வேண்டும். 2022இல் ரூபாய் வீழ்ந்த பின்னர், உபாத்தியாயர் சம்பளத்திற்கும் அதன் விலைக்கும் உள்ள தூரத்தை யான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

லினக்ஸ் கட்சி எங்கள் இளைய தகவல் தொழினுட்ப ஆசிரியருடையது. பின்லாந்திலே ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் தோர்வால்ட்ஸ் 1991இல், தமது இருபத்தொராம் வயதில், இதன் கருவை எழுதி வெளியிட்டார். அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்னரே, யாவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிய முறைமை ஒன்றைச் செய்யப்போவதாக ரிச்சர்ட் ஸ்ரோல்மன் அமெரிக்காவிலே அறிவித்திருந்தார். இருவர் முயற்சியும் பின்னர்ப் பலர் முயற்சியும் கூடிப் பெருகியதே இன்றைய லினக்ஸ். "லினக்ஸா? அது நமக்கு ஒத்துவராது" என்று கூறுவோர் பலர், அதன் கருவினாலே இயங்கும் அன்ட்ரொயிட் கைப்பேசியைச் சட்டைப்பையிலே வைத்துக்கொண்டே அவ்வாறு கூறுகின்றனர். விலை இல்லை; பழைய பொறியிலும் ஓடும். குறைகளும் உள. ஒரு பெயரின் கீழ் உபுண்டு, மின்ற், பெடோரா எனப் பல கிளைகள். புதியவர் எதனைத் தெரிவது என்று மயங்குவர். அன்றியும், எங்கள் அச்சுப்பொறிகளுள் ஒன்று லினக்ஸைக் கண்டதும் இரண்டு வாரம் மௌன விரதம் பூண்டது.

இங்ஙனம் எல்லாரும் தத்தம் அநுபவத்தையே பிரமாணமாகக் கொண்டு பேசினர். அநுபவம் பிரமாணமே. ஆயினும் ஒருவருடைய அநுபவம் அவர் செய்யும் தொழிலையும் அவர் கையிலுள்ள பொருளையும் பொறுத்தது. இலிகிதருக்கு வேண்டியது மாறாமை; ஆங்கில ஆசிரியருக்கு வேண்டியது தொல்லையின்மை; இளைய ஆசிரியருக்கு வேண்டியது சுதந்திரம். மூவரும் மூன்று வேறு கேள்விகளுக்கு விடை கூறிவிட்டு, விடைகள் ஒத்துவரவில்லை என்று சண்டையிட்டனர். ஒருவரும் கேளாத கேள்வி ஒன்று எஞ்சியிருந்தது. அதனை எனக்கு உணர்த்தியது 2025ஆம் ஆண்டு.

அவ்வாண்டு ஒக்டோபர் 14ஆம் திகதியோடு, 2015இல் வெளிவந்த விண்டோஸ் 10 பதிப்பிற்கு இலவசமாகப் பாதுகாப்புத் திருத்தம் வழங்கும் வழக்கம் முடிவடைந்தது. விரும்புவோர் மேலும் ஓராண்டு திருத்தம் பெறும் ஏற்பாடு ஒன்றையும் அந்நிறுவனம் செய்தது. அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11, குறித்த சில புதிய உறுப்புகள் உள்ள கணினிகளையே ஏற்பது. ஆகவே, ஓடக்கூடிய நிலையிலுள்ள பழைய கணினிகள் பலவற்றிற்கு அப்பதிப்பு எட்டாததாயிற்று. இதனை ஒரு நிறுவனத்திற்கு மாத்திரம் உரிய இயல்பென்று கூறுதல் நியாயமன்று. இன்ரெல் செயலி கொண்ட மக் கணினிகளை ஏற்கும் இறுதி முறைமை 2025இல் வெளியான தனது பதிப்பே என்று அப்பிளும் அறிவித்தது. லினக்ஸ் முதன்முதலாக எழுதப்பட்டது 386 என்னும் செயலிக்காக. 2012இன் இறுதியில் அச்செயலியை லினக்ஸும் கைவிட்டது. பெற்ற மடியையே பிள்ளை மறந்தது எனலாம். முறைமைகள் யாவும் மூப்பெய்தும், பொறிகளும் மூப்பெய்தும். இது பொது விதி.

எங்கள் கல்லூரியிலும் பழைய கணினிகள் ஆறு இருந்தன. இளைய ஆசிரியர் விடுமுறை நாளிலும் வந்திருந்து அவற்றில் லினக்ஸை நிறுவினார். அவற்றுள் ஒன்று என் மேசைக்கு வந்தது. யான் முதலிலே திறந்த கோப்பு என் ஆசிரியருடையது.

அவர் எனக்குத் தொல்காப்பியம் சொல்லதிகாரம் பாடம் சொன்னவர். அவர் வாய்மொழியாகக் கூறிய விளக்கங்களை யான் கொப்பிகளிலே குறித்து வைத்திருந்தேன். 2002இல் போர்நிறுத்தம் வந்து கண்டிவீதி திறந்தபின், பிறர் பாவித்த கணினி ஒன்றை வாங்கி, அக்குறிப்புகளைப் பாமினி எழுத்துருவிலே சிறிது சிறிதாகத் தட்டச்சுச் செய்தேன். நான்கு ஆண்டுகள் சென்றன. கணினியில் ஏறிவிட்டது என்ற துணிவினாலே கொப்பிகளைப் பேணாது விட்டேன். அவற்றைக் கறையான் கொண்டது. பின்னர் ஆசிரியரும் காலமானார்.

அக்கோப்பைத் திறந்தேன். ஒரு தமிழெழுத்தும் இல்லை. பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் பொருளின்றிக் கலந்து கிடந்தன. இளைய ஆசிரியரை அழைத்து, "தம்பி, உமது லினக்ஸ் என் ஆசிரியரை அழித்துவிட்டதே" என்றேன். அவர் சிறிதுநேரம் திரையைப் பார்த்திருந்தார். பின்னர் மெல்லச் சொன்னார்: "ஐயா, இது லினக்ஸின் பிழையில்லை. இந்தக் கோப்பிலே ஒருகாலமும் தமிழ் இருக்கவில்லை."

அவர் விளக்கியபின்னரே எனக்கு விளங்கிற்று. பாமினி முதலிய பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வேடம் இட்டன. யான் தமிழென்று எழுதியதைக் கணினி ஆங்கிலம் என்றே சேமித்தது. வேடம் இருக்கும் இடத்தில் தமிழாகத் தோன்றும். எழுத்துரு இல்லாத கணினியிலே வேடம் கலைந்துவிடும். அக்கணினி விண்டோஸ் ஆயினும் மக் ஆயினும் லினக்ஸ் ஆயினும் முடிவு ஒன்றே. யான் குறைகூறிய முறைமை குற்றமற்றது. குற்றம் என்னுடையது.

இக்குறையைத் தீர்க்க வந்ததே யூனிகோட் என்னும் ஒருங்குறி. உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண் வழங்கும் அந்நியமத்திலே, 1991இல் வந்த முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. விண்டோஸ் 2000 பதிப்பு அத்தமிழை ஏற்றது. மக்கும் லினக்ஸும் ஏற்றன. இலக்கணம் படித்தவர்க்கு அதிலே ஒரு மகிழ்ச்சியும் உண்டு. தட்டச்சுப் பொறியிலே 'கொ' என்று எழுத, முதலிற் கொம்பு, பின்னர்க் ககரம், பின்னர் அரவு என்று மூன்று துண்டுகள் அடித்தோம். ஒருங்குறியோ ககர மெய்யை முன்னும் ஒகரத்தின் குறியைப் பின்னுமாகச் சேமிக்கின்றது. கொம்பை இடப்பக்கத்திலே வரைவது காட்சிக்கு மாத்திரம். உயிர்மெய்யிலே மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் என்று தொல்காப்பியர் கண்ட முறையும் அதுவே. அச்சுப்பொறி மாற்றிய வரிசையைக் கணினி திருத்திக்கொண்டது.

இளைய ஆசிரியர் ஒரு மாற்றியினாலே என் கோப்பை ஒருங்குறிக்குக் கொணர்ந்தார். பெரும்பாகம் உயிர்பெற்றது. உதாரணங்களை வேறொரு எழுத்துருவிலே அடித்திருந்தேன். அவை பிழைபட வந்தன. இரண்டு மாதம் இருந்து ஒவ்வொன்றாகத் திருத்தினேன். மூன்று இடங்களிலே, முன்னர் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு யான் பிரதி செய்தபோது நேர்ந்த பிழையினாலே, எழுத்து முற்றும் அழிந்து வினாக்குறிகள் மாத்திரம் எஞ்சியிருந்தன. அவ்விடங்களில் ஆசிரியர் காட்டிய சொற்கள் யாவை? வினவுதற்கு அவர் இல்லை.

சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887இலே கலித்தொகையைப் பதிப்பித்தபோது, அவர் கையிலிருந்தவை பனையோலைகள். ஓலையைச் செல் அரித்திருக்கலாம், முனை முறிந்திருக்கலாம். ஆயினும் எஞ்சிய ஓலையிலே எஞ்சிய எழுத்து எழுத்தாகவே இருந்தது. அதனைப் படிப்பதற்கு ஓலை செய்தவனுடைய அனுமதி வேண்டியதில்லை; எழுத்தாணி செய்தவன் உயிரோடிருக்க வேண்டியதுமில்லை. எனக்கோ ஓலை பழுதின்றி இருந்தது, எழுத்தைக் காணவில்லை. அதுவும் இருபது ஆண்டுகளுக்குள்ளே.

ஆதலின் நடுவனாகிய என் தீர்ப்பு இது. மூன்று முறைமைகளும் நல்லனவே. அவரவர் தொழிலுக்கும் பொருளுக்கும் ஏற்றதைக் கொள்க. ஆனால் கொள்ளுமுன், "இதனை விட்டுப் போகும் நாளிலே என் எழுத்து என்னோடு வருமா?" என்ற ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்க. புகுவதற்கு எளிய வீட்டைப் பலர் தேடுகின்றனர். பொருளோடு வெளியேறுதற்கு வாயில் உண்டா என்று பார்ப்பவர் சிலர்.

பாடசாலைகளுக்கும் ஒன்று கூறுவேன். மாணவர்க்கு ஒரு நிறுவனத்தின் பொத்தான் இருக்கும் இடத்தை மனனஞ் செய்விப்பது கணினிக் கல்வி ஆகாது. பொத்தான் மாறும். இரண்டு முறைமைகளையேனும் தொடச் செய்து, இரண்டிற்கும் பொதுவானது யாது என்று காட்டுதல் வேண்டும். வினாத்தாள்களையும் பதிவேடுகளையும் இன்னும் பழைய எழுத்துருவிலே அடிக்கும் அலுவலகங்கள் அதனை நிறுத்தி ஒருங்குறிக்கு வருதல் வேண்டும். எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய பொது வடிவத்திலே கோப்புகளைச் சேமித்தல் வேண்டும். முக்கியமானவற்றைக் கடதாசியிலும் ஒரு பிரதி வைத்தல் நன்று. கறையான் விஷயத்திலே மாத்திரம் கவனமாயிருக்க.

திருத்திய கோப்பை மூன்று கட்சிக்காரரின் கணினிகளிலும் திறந்து பார்த்தேன். மூன்றிலும் ஒரே தமிழ் தெரிந்தது. அன்று ஆசிரியர் அறையிலே வழக்குச் சிறிதுநேரம் ஓய்ந்தது. மறுநாள் வழமைபோலத் தொடங்கிவிட்டது, தொடங்குக. வாசகர்களை யான் வேண்டுவது ஒன்றே. உங்கள் வீட்டிலும் தந்தையாரோ ஆசிரியரோ எழுதிவைத்த பழைய கோப்பு ஏதேனும் கிடந்தால், எழுதியவர் இருக்கும்போதே அதனைத் திறந்து பாருங்கள்.