தீர்மானிப்பது யார்?



கர்ப்பத்தைக் கலைத்தால் மூன்று வருடம் வரை சிறை. சிசு அசையத் தொடங்கியிருந்தால் ஏழு வருடம் வரை. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவு இன்றும் இப்படித்தான் சொல்கிறது. தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே விலக்கு. பலாத்காரத்துக்கு உள்ளான சிறுமிக்கும் இதே சட்டம்தான். 1995இல் நாடாளுமன்றத்துக்கு வந்த திருத்தத்தையும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

கூட்டத்தில் இதைப் பேசினால் பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். நம் தாய்மாருக்குப் பணம் காட்டி, லொறியில் ஏற்றிக் கருத்தடை ஆப்பரேஷனுக்குக் கொண்டுபோன காலத்தில் இவர்கள் முகம் சுளித்தார்களா? அன்றும் அவளிடம் யாரும் கேட்கவில்லை. இன்றும் கேட்பதில்லை.

காசுள்ளவர்கள் இரகசியமாக முடித்துக்கொள்கிறார்கள். லயத்துப் பெண்ணுக்கு நாட்டு மருந்தும் யாரோ கொடுக்கும் குளிசையும்தான். இரத்தம் போனாலும் பொலிஸுக்குப் பயந்து காம்பராவுக்குள்ளேயே கிடக்கிறாள். சகோதரிகளே, கரு கலைந்தபின் அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்தெடுப்பது குற்றமல்ல. இரத்தப்போக்கோ காய்ச்சலோ இருந்தால் கொழுந்து நிறுவை முடியும்வரை காத்திருக்காமல் உடனே போங்கள்.

பலாத்காரத்தால் உண்டான கர்ப்பத்துக்கும், பிறந்தாலும் பிழைக்காத சிசுவுக்குமாவது சட்டம் இடம் கொடுக்க வேண்டும். அடுத்த மாதர் கூட்டத்தில் சம்பளக் கோரிக்கையோடு இதையும் வைக்கிறோம். ஆண் தோழர்களும் வந்து உட்காருங்கள்.