ஊர்க் கிணறு யாருக்குப் பொது? விடைக்குறிப்பின் சாதி

காரைக்கால் நெடுங்காட்டுப் பக்கம் எங்கள் காலனியில் ஒரு படிப்பகம் இருக்கிறது. தகரக் கூரை, இரண்டு மின்விசிறி, அம்பேத்கர் படம், அவ்வளவுதான். மாலை நேரத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நான் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் தேர்வு எழுதிவிட்டு வந்த அன்று பிள்ளைகள் வீட்டுக்குப் போகாமல் நேரே அங்கேதான் வந்தார்கள். வந்ததும் சண்டை. கணக்கு, பொருளியல் கேள்விகளில் சண்டை சீக்கிரம் முடிந்துவிட்டது. புத்தகத்தைப் புரட்டினால் விடை தெரிந்துவிடும். முடியாமல் இழுத்தது மொழித்தாளில் வரும் வாசிப்புப் பத்திக் கேள்விகள். "ஆசிரியர் சொல்ல வருவது என்ன?", "இதிலிருந்து நாம் அறிவது என்ன?" என்ற வகை. ஆளுக்கொரு விடை சொன்னார்கள்.

எல்லோரும் கத்திக்கொண்டிருக்க, நன்றாகப் படிக்கும் ஒரு பெண் மட்டும் சும்மா உட்கார்ந்திருந்தாள். என்னம்மா என்றேன். "நான் சரியாத்தான் எழுதியிருக்கேன் அண்ணே. இன்னைக்கும் அந்தக் கிணறு மாதிரி ஒண்ணு வந்துச்சு. எனக்குப் பட்டதைப் போடல. அவங்களுக்கு என்ன படுமோ அதைப் போட்டுட்டேன்" என்றாள்.

அந்தக் கிணறு எது என்று சொல்லவேண்டும். இரண்டு வாரத்துக்கு முன் ஒரு பயிற்சிப் புத்தகத்திலிருந்து நான் வைத்த மாதிரித் தேர்வில் வந்த பத்தி அது. பழைய கிராமத்தைப் பற்றி ஒருவர் ஏக்கத்தோடு எழுதியது. கோயிலை ஒட்டிய கிணறு. காலையும் மாலையும் ஊரார் அங்கே கூடுவார்கள், முதல் வீட்டுப் பெண்ணும் கடைசி வீட்டுப் பெண்ணும் ஒரே கயிற்றில் நீர் இறைப்பார்கள், சுகதுக்கம் பேசிக்கொள்வார்கள். நடுவில் போகிறபோக்கில் ஒரு வாக்கியம்: சேரிக்குப் போகும் வழியில் அல்லி பூத்த ஒரு குட்டை இருந்தது, அவர்கள் குடங்களோடு அங்கே நிற்பார்கள் என்று. பிறகு மறுபடி கிணற்றடிக்கே வந்து, குழாய் வந்ததும் அந்த ஒற்றுமை போயிற்று என்று பத்தி முடியும்.

கேள்வி: பத்தியின்படி கிணற்றைப் பயன்படுத்தியவர்கள் யார்? கோயில் பணியாளர்கள், ஊரார் மட்டும், கிராம மக்கள் அனைவரும், வழிப்போக்கர்கள் என்று நான்கு விடைகள். புத்தகத்தின் விடைக்குறிப்பு 'கிராம மக்கள் அனைவரும்' என்றது. இந்தப் பெண் 'ஊரார் மட்டும்' என்று குறித்திருந்தாள். நான் சிவப்பு மையில் தப்புப் போட்டேன்.

அவள் விடவில்லை. "கிணறு எல்லாருக்கும்னா, சேரி சனம் குடத்தோட குட்டைக்கு ஏன் அண்ணே போகுது?" என்று கேட்டாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரீட்சையில அப்படியெல்லாம் யோசிக்கக் கூடாதும்மா. அவங்க என்ன எதிர்பார்க்கிறாங்கன்னு பாரு." இதே காலனியில் பிறந்து, 'ஊருக்குள்ளே' போகாதே என்ற சொல்லைக் கேட்டே வளர்ந்த நான்தான் அப்படிச் சொன்னேன். இந்தக் கட்டுரை முதலில் எனக்கு எதிராக நானே எழுதுவது.

டெல்டாவில் ஊர் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஊர் வேறு, சேரி வேறு. ஊர்த்தெரு, ஊர்க்கூட்டம், ஊர்க்கட்டுப்பாடு எல்லாமே அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம். பூவத்திலிருந்து வாஞ்சூர் வரை காரைக்காலிலும் அதுதான் வழக்கு. பிரெஞ்சுக்காரன் ஆண்டதால் எங்கள் பகுதியில் அகராதி ஒன்றும் மாறிவிடவில்லை. எனவே 'ஊரார்' என்று படித்தவுடன் 'எல்லோரும்' என்று எடுத்துக்கொள்ள ஒருவருக்குத் தோன்றுகிறதென்றால், அவர் ஊருக்குள்ளே பிறந்தவராகத்தான் இருக்கவேண்டும்.

'பத்தியில் உள்ளதை மட்டும் கொண்டு விடையளிக்க' என்பது வாசிப்புத் தேர்வின் முதல் விதி. அந்த விதிப்படி நடந்தவள் அந்தப் பெண். பத்தியில் ஊரார் என்ற சொல் இருக்கிறது, குட்டை இருக்கிறது, குடம் இருக்கிறது. 'அனைவரும்' என்பது எங்கேயும் இல்லை. அதை வெளியிலிருந்து கொண்டுவந்து திணித்தது விடைக்குறிப்பு. ஆனால் அவள் செய்தது சொந்த அனுபவத்தைப் புகுத்திய தவறு என்றும், விடைக்குறிப்பு செய்தது நடுநிலையான வாசிப்பு என்றும் மதிப்பெண் போடப்படுகிறது. தகுதி, திறமை என்று இவர்கள் சொல்வதன் உள்கட்டுமானம் இதுதான். ஆதிக்கச் சாதியின் அனுபவம் பொது அறிவாம், ஒடுக்கப்பட்டவரின் அனுபவம் விடை தெரியாமையாம்.

ஒரு பயிற்சிப் புத்தகத்தை வைத்து இவ்வளவு பேசலாமா என்று கேட்கலாம். அதிகாரப்பூர்வத் தேர்வுகளையே பார்ப்போம். 2021 டிசம்பரில் சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளில் வந்த வாசிப்புப் பத்தி, பெண்கள் விடுதலை பெற்றதால் பிள்ளைகள் மீது பெற்றோருக்கு இருந்த அதிகாரம் போய்விட்டது என்றது. அதைச் சரியென்று ஏற்றுக்கொண்டால்தான் சரியான விடையைக் குறிக்க முடியும். நாடாளுமன்றம் வரை எதிர்ப்பு போனபிறகுதான் பத்தியை நீக்கி முழு மதிப்பெண் கொடுத்தார்கள். 2022 ஜூலையில் சேலத்தில், பெரியார் பெயரையே தாங்கிய பல்கலைக்கழகத்தின் முதுகலை வரலாற்றுத் தாள், தமிழ்நாட்டில் தாழ்ந்த சாதி எது என்று கேட்டு நான்கு சாதிப் பெயர்களை விடைகளாகக் கொடுத்தது. அதை ஒருவர் எழுதினார், அச்சாகி வந்தது, தேர்வறையில் பிரிக்கும்வரை அது கேள்வியாகவே இருந்தது. அந்தத் தாள் கடந்து வந்த மேசைகளில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அமெரிக்காவின் சாட் தேர்வும் இதே கதைதான். 1926இல் அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவரான கார்ல் பிரிகாம், அதற்கு மூன்றாண்டு முன்பு இனங்களுக்கிடையே அறிவில் ஏற்றத்தாழ்வு உண்டு என்று புத்தகம் எழுதியவர். 1930இல் அந்த முடிவுகளை அவரே கைவிட்டார், தேர்வு மட்டும் நின்றுவிட்டது. மாரத்தானுக்கு ஓட்டக்காரர் போல, துடுப்பு வலிப்பவருக்கு எது என்ற கேள்வி அதில் வந்தது. விடை 'ரெகாட்டா' என்கிற படகுப் பந்தயம். பணக்காரக் கல்லூரிகளின் விளையாட்டு அது. கறுப்பினப் பிள்ளைகள் எத்தனை பேர் அந்தப் பந்தயத்தைப் பார்த்திருப்பார்கள்? அது அவர்களின் அறிவை அளந்த கேள்வியா, அப்பாவின் சொத்தை அளந்த கேள்வியா? டெக்சாஸ் மாநிலப் பள்ளித் தேர்வில் தன்னுடைய கவிதைகளைப் பற்றிக் கேட்ட கேள்விகளுக்குத் தன்னாலேயே விடை சொல்ல முடியவில்லை என்று 2017இல் எழுதினார் சாரா ஹோல்புரூக் என்ற கவிஞர். எழுதியவருக்கே தெரியாத 'ஆசிரியரின் நோக்கம்' விடைக்குறிப்பு தயாரித்தவருக்குத் தெரிந்திருக்கிறது!

சரி, விடைக்குறிப்பு தவறென்றால் எதிர்க்க வழி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. க்யூட் தேர்வில் தேசியத் தேர்வு முகமை தற்காலிக விடைக்குறிப்பை வெளியிடும். சில நாட்களுக்குள் இணையத்தில் ஆட்சேபிக்கலாம். ஒரு கேள்விக்கு 200 ரூபாய், திரும்பக் கிடைக்காது. 2025-26இல் புதுச்சேரியில் நூறுநாள் வேலைக்கு நிர்ணயித்த நாள்கூலி 336 ரூபாய். இரண்டு கேள்வியை எதிர்க்க வேண்டுமென்றால், வெயிலில் வாய்க்கால் வெட்டிய ஒரு தாயின் ஒருநாள் கூலி போதாது. கட்டினாலும் ஆட்சேபம் ஏற்கப்பட்டதா, இல்லையா என்று தனித்தனியாகத் தெரிவிக்கமாட்டோம் என்று அறிவிப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். காசு வாங்கிக்கொண்டு பதில் சொல்லமாட்டேன் என்பதற்குப் பெயர் குறைதீர்ப்பா? சரியான விடைக்கு 5 மதிப்பெண், தவறுக்கு 1 கழிவு. ஒரு கேள்வியில் ஆறு மதிப்பெண் இடைவெளி. திருவாரூர் நீலக்குடியில் இருக்கும் மத்தியப் பல்கலைக்கழகம் எங்களுக்குப் பக்கத்து ஊர்தான். அந்த ஆறு மதிப்பெண்ணில் அது டெல்லி தூரத்துக்குப் போய்விடும்.

நீதிமன்றம் போகலாமா? 2017இல் ரண் விஜய் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், விடையில் சந்தேகம் இருந்தால் அதன் பலன் தேர்வு நடத்தும் அமைப்புக்கே, மாணவருக்கு இல்லை என்று சொல்லிவிட்டது. குற்ற வழக்கில் சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கு. தேர்வில் அதிகாரத்துக்கு! அதையும் மீறி வென்றவர்கள் உண்டு. சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான க்ளாட் தேர்வு 2020 முதல் முழுக்க வாசிப்புப் பத்திகளாலானது. 2024 டிசம்பரில் நடந்த தேர்வில் இரண்டு விடைகள் தவறு என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. 2024 நீட் தேர்வில் ஓர் இயற்பியல் கேள்விக்கு இரண்டு விடைகளைச் சரியென்று வைத்திருந்தார்கள். உச்ச நீதிமன்றம் டெல்லி ஐஐடியிடம் கேட்டு ஒன்றுதான் சரி என்று முடிவு செய்தது. 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மதிப்பெண் மாறியது. ஆக, விடைக்குறிப்பு வேதவாக்கு இல்லை. வழக்கறிஞர் வைத்துக் கேட்பவருக்கு மட்டும் அது மாறும்.

எங்கள் பக்கம் கேட்டபோது என்ன நடந்தது? 2018 நீட் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை. சிறுத்தையைக்கூட 'சீத்தா' என்று அச்சடித்திருந்தார்கள். தோழர் டி.கே.ரங்கராஜன் தொடுத்த வழக்கில் மதுரைக் கிளை ஜூலை 10 அன்று 196 மதிப்பெண் வழங்கச் சொன்னது. பத்தே நாளில் உச்ச நீதிமன்றம் தடை போட்டது, நவம்பரில் தீர்ப்பையே ரத்து செய்தது. தமிழில் ஐயம் வந்தால் ஆங்கிலமே இறுதி என்பது தேர்வின் விதி. ஆங்கிலம் தெரியாததால்தானே அந்தப் பிள்ளை தமிழில் எழுதுகிறாள் என்பது விதி எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை. குட்டைக்குப் போனவர்களின் குடம் கண்ணில் படாத அதே வாசிப்புதான் இது.

எல்லா விடையும் சரி என்று நான் சொல்லவில்லை. மனம்போன போக்கில் படிப்பது வாசிப்பு ஆகாது. இன்ன வரி, இன்ன சொல், அதனால் இந்த விடை என்று காட்டவேண்டும். அந்தக் கடமை பதினேழு வயதுப் பிள்ளைக்கு மட்டும் எதற்கு? விடைக்குறிப்பு தயாரிப்பவருக்கும் வேண்டாமா?

க்யூட் தேர்வே வேண்டாம், பிளஸ் டூ மதிப்பெண் போதும் என்பதுதான் என் நிலை. 2022 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் அப்படித்தான் தீர்மானம் போட்டது. காரைக்கால் பிள்ளைகளுக்கு அந்தச் சட்டமன்றமும் இல்லை. 2023-24 முதல் எங்கள் அரசுப் பள்ளிகளையே சிபிஎஸ்இக்கு மாற்றிவிட்டார்கள். தேர்வு ஒழியும்வரை நாம் வைக்கவேண்டிய கோரிக்கைகள் இவை. ஆட்சேபக் கட்டணத்தை ரத்து செய். ஒவ்வொரு வாசிப்புக் கேள்விக்கும் விடை எந்த வரியிலிருந்து வருகிறது என்று காரணத்தோடு வெளியிடு. ஆட்சேபம் செய்தவருக்கு எழுத்தில் பதில் சொல். பத்தியைத் தேர்ந்தெடுக்கும், சரிபார்க்கும் குழுக்களில் தலித், பழங்குடி, அரசுப் பள்ளி ஆசிரியர்களை உட்கார வை. மொத்தத்தில் ஒரே அளவு மதிப்பெண் எடுத்த பிள்ளைகளில், ஒரு குறிப்பிட்ட கேள்வியை மட்டும் ஒரு பிரிவினர் அதிகமாகத் தவறவிடுகிறார்களா என்று கணக்குப் பார்க்கும் முறை உலகில் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. அதைச் சாதிப் பிரிவு வாரியாகச் செய்து முடிவை வெளியிடு. பத்தியின் அடிப்படையில் இரண்டு வாசிப்பு நிற்குமானால் இரண்டுக்கும் மதிப்பெண் கொடு.

1927 மார்ச் 20 அன்று மகத்தில் பாபாசாகேப் அம்பேத்கர் சவுதார் குளத்து நீரைக் கையில் அள்ளினார். அந்தக் குளம் எல்லோருக்கும் பொது என்று நகராட்சியின் தீர்மானம் ஏற்கெனவே இருந்தது. ஏட்டில் 'அனைவரும்' என்று இருந்ததற்கும் குளத்தில் யார் இறங்க முடிந்தது என்பதற்கும் இடையிலிருந்த தூரத்தைத்தான் அவர் நடந்து கடந்தார். 2022 டிசம்பரில் வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டபோது அந்தத் தூரம் இன்னும் அப்படியே இருப்பதைப் பார்த்தோம். எங்கள் பிள்ளை ஒரு பத்திக்குள் அதைக் கண்டுபிடித்தாள். அதற்குத்தான் நான் தப்புப் போட்டேன்.

அன்று இரவு அவளுடைய பழைய விடைத்தாளை எடுத்து, சிவப்புக் குறியை அடித்துவிட்டு ஐந்து மதிப்பெண்ணைச் சேர்த்துக் கூட்டிப் போட்டேன். மறுநாள் அவளிடம் காட்டி, தப்பு என் மேலேதான் என்றேன். வாங்கிப் பார்த்துச் சிரித்தாள்.

"இங்க போட்டு என்னண்ணே? அங்கல்ல போடணும்."