தீர்ப்போடு முடிவதில்லை

குழாயடியில் வாய்ச்சண்டை மூள்கிறது, கைகலப்பாகிறது, ஒருவர் சாகிறார். செஷன்ஸ் கோர்ட் ஆயுள் தண்டனை விதிக்கிறது. பாஷை புரியாமல் கூண்டில் நின்றவரின் குடும்பம், தலைவிதி என்று ஊருக்கு ரயிலேறிவிடுகிறது. இது கூடாது என்கிறோம்.

உயிர் பறிப்பதை நாம் நியாயப்படுத்தவில்லை. இறந்தவரும் உழைப்பாளியே, அவர் வீட்டு அடுப்பும் அணைகிறது. ஆனால் முன்திட்டமின்றி, திடீர்ச் சண்டையின் ஆவேசத்தில், கொடூரமாக நடந்துகொள்ளாமல் விளைந்த சாவைச் சட்டமே கொலையிலிருந்து பிரித்து வைத்திருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 300-ஆவது பிரிவின் விதிவிலக்கு. 2024 ஜூலை 1-க்குப் பின் நடந்தவற்றுக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 101-ஆவது பிரிவு. கொலைக்குத் தூக்கு அல்லது ஆயுள். இதற்குப் பத்தாண்டோ, அதற்கும் குறைவாகவோ விதிக்கலாம்.

1961-ல் நானாவதி வழக்கில் சுப்ரீம் கோர்ட், ஆத்திரம் ஆறுவதற்கு நேரம் இருந்தது என்று கண்டு கொலைத் தண்டனையை உறுதி செய்தது. நம்மவர் வழக்கில் அந்த இடைவெளி இருந்ததா? அதை எடுத்துச் சொல்ல வக்கீல் வேண்டாமா?

ஆயுள் தண்டனையை எதிர்த்து ஹைகோர்ட்டில் அப்பீல் செய்யக் கெடு 60 நாள். தீர்ப்பு நகல் இலவசம். சிறை அதிகாரி மூலமே மனு அனுப்பலாம். சிறையிலிருப்பவருக்கு 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச வக்கீல் உண்டு.

ரயிலேறுமுன் சங்கத்துக்கு வாருங்கள்!