மேட்டில் நிற்கும் வண்டி

சென்ற ஆவணித் திங்களில் போடிநாயக்கனூரில் ஓர் உறவினர் திருமணத்தை முடித்துக்கொண்டு, மறுநாட்காலை பூப்பாறைக்கு மலையேறினோம். வண்டி, பாலக்காட்டிலிருந்து வந்திருந்த எம் மைத்துனருடையது. கியர் தானே மாறும் புதுக்கார். போடிமெட்டுக்குக் கீழே ஒரு கொண்டை ஊசி வளைவில், இறங்கி வந்த லாரி பாதை முழுவதையும் அடைத்துக்கொண்டது. மேலேறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிடவேண்டும் என்று சாலை விதிகளே கூறுகின்றன. ஆயினும் நின்றவர்கள் நாங்கள்தாம்.

லாரி விலகியதும் மைத்துனர் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். வண்டி பின்னோக்கி உருண்டது! பின்னே ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் பெண்கள் நிறைந்த ஜீப். அவர்கள் எழுப்பிய கூக்குரல் இன்னும் எம் செவியில் ஒலிக்கின்றது. ஒரு முழ இடைவெளியில் வண்டி நின்றது.

மைத்துனர் தேர்ந்த ஓட்டுநரே. ஆனால் அவர் பழகியது வாளையாற்றுச் சமவெளிச் சாலையில். அங்கே பிரேக்கை விட்டால் இத்தகைய கார் தானே மெல்ல முன்னே ஊரும். செங்குத்தான மேட்டில் அவ்விசை போதாது.

நம்மவர் இல்லங்களில் மிகுதியாகக் காணப்படுவது ஏ.எம்.டி. வகை. 2014-இல் மாருதி செலேரியோவில் வந்த முறை இது. உள்ளே இருப்பது பழைய கிளட்சும் பழைய கியருமே. அவற்றை இயக்குவது மட்டும் நம் காலன்று, ஒரு பொறி. நிற்கும்போது கிளட்ச் விலகிவிடும். ஆகவே பிரேக்கை விட்டால் வண்டியைத் தாங்குவார் எவருமிலர். சிலர் ஆக்சிலேட்டரைச் சிறிதே மிதித்து மேட்டில் நிறுத்திவைப்பர். கிளட்ச் தேய்ந்து கருகும் நாற்றம் வருவது அதனாலேதான். மேட்டில் கால்பிரேக்கையே அழுத்தி நிற்க. நேரம் நீளுமாயின் கைப்பிரேக்கை இழுத்து, 'என்' நிலைக்கு மாற்றுக. புறப்படும்போது கால்பிரேக்கை மிதித்து 'டி'-யில் இட்டு, கைப்பிரேக்கை இழுத்தவாறே ஆக்சிலேட்டரை மிதித்து, வண்டி முன்னே இழுப்பதை உணர்ந்தபின் அதை விடுக. மேட்டில் தானே பிடித்துநிற்கும் வசதி சில கார்களில் உண்டு. அதுவும் ஓரிரு நொடிகளுக்கே.

எண்ணெயின் வழியே விசை செல்லும் டார்க் கன்வர்ட்டர் வகையில் 'பி' என்றொரு நிலை உண்டு. அது கியர்ப்பெட்டிக்குள் ஓர் இரும்புப் பல்லை மாட்டுவது, அவ்வளவே. முதலில் 'பி'-யில் இட்டால் வண்டியின் பாரமெல்லாம் அச்சிறு பல்லில் தொங்கும். மிதித்த காலை எடாமல் 'என்'-னில் இட்டுக் கைப்பிரேக்கை இழுத்து, காலைத் தளர்த்திப் பாரம் கைப்பிரேக்கில் இறங்கியபின் 'பி'-க்கு மாற்றுவதே முறை. செலேரியோ போன்ற ஏ.எம்.டி. கார்களில் 'பி' இல்லை. கைப்பிரேக்கை இழுத்து, கியரில் இருக்கும்போதே எஞ்சினை அணைக்கவேண்டும். 1940-இல் அமெரிக்காவில் வந்த ஓல்ட்ஸ்மொபீலின் ஹைட்ராமாட்டிக்கிலும் 'பி' இல்லை. எஞ்சினை அணைத்து ரிவர்ஸில் விடுவார்களாம்!

மலைவழியில் இறங்கிச் செல்வதானால், உருண்டாலும் மலைப்பக்கமே முட்டுமாறு சக்கரத்தைத் திருப்பி, ஒரு கல்லையும் அணை கொடுக்க. புறப்படும்போது அக்கல்லை ஓரத்தில் எடுத்துப்போட மறவற்க; இருளில் பின்வரும் இருசக்கர வண்டிக்காரர் அதைக் காணார். இறக்கத்தில் எந்தக் கியரில் வருவது என்பதை அடுத்த இதழில் எழுதுவோம்.